ஊருணித் தெருவின் சீர்

பூவாணியேந்தல் குப்பைமேட்டுக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது. மேட்டுக்கு மேலே இல்லை, பக்கத்திலும் இல்லை, உள்ளேயிருந்துதான். சல்லடை இயந்திரத்தின் பட்டை அறுந்து, அதை மாட்டுகிறவன் டீ குடிக்கப் போயிருந்த அந்தக் கொஞ்ச நேர அமைதியில், காலை வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருக்க, மகளிர் குழுப் பெண்கள் பச்சைக் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்க, அவர்கள் காலடிக்குக் கீழே ஒரு சேவல் தொண்டையைத் திறந்து, கூச்சநாச்சமில்லாமல் கூவியது.

“சேவலா அது?” என்றாள் பாக்கியத்தாய்.

“சேவல்தான். கொரலப் பாத்தா நாட்டுச் சேவலு,” என்றாள் குழுத் தலைவி முத்திருளாயி.

“உள்ள கெடந்து என்னத்தத் திங்கும்?”

“நம்ம போட்டதத்தான் திங்கும். வேற என்னத்தத் திங்கும்?”

அவ்வளவுதான் பேச்சு. பட்டையை மாட்டினார்கள், இயந்திரம் மறுபடி உறுமியது, பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனார்கள். மறுநாளும் கூவியது. அதற்கடுத்த நாள் அதோடு ஒரு குழந்தை அழுகிற சத்தமும், அதை யாரோ அதட்டுகிற சத்தமும் கேட்டன. குப்பைமேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு, எதைக் கண்டாலும் இது மக்குமா மக்காதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சத்தம் இரண்டிலும் சேராது என்பதால் அதை அப்படியே ஒதுக்கிவிட்டார்கள். முத்திருளாயி மட்டும் அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. அதட்டிய குரல் அவளுக்குத் தெரிந்த குரல்.

முத்திருளாயியைப் பற்றிச் சொல்லாமல் பூவாணியேந்தலின் குப்பையைப் பற்றிப் பேச முடியாது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையும் இல்லாமல், வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாமல் குழுவில் சேர்ந்தவள், வந்த வேகத்தில் ஊரையே இரண்டு வாளிக்குப் பழக்கிவிட்டாள். மக்குகிறது பச்சை வாளியில், மக்காதது நீல வாளியில். சொன்னால் உடனே கேட்டுவிடுமா ஊர்? மீன் செதிலையும் பிளேடையும் பழஞ்சோற்றையும் பல்ப்பையும் ஒரே பையில் திணித்து முடிச்சுப் போட்டு வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். முத்திருளாயி விசிலை ஊதிக்கொண்டு வண்டியைத் தள்ளி வருவாள், பையைப் பிரித்துப் பார்ப்பாள், கலந்திருந்தால் அந்த வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தெருவே பார்க்க, ஒவ்வொன்றாக எடுத்து உரக்கச் சொல்லிச் சொல்லிப் பிரிப்பாள். “இந்தா, முட்டைக்கூடு. இந்தா, மாத்திரை அட்டை. இந்தா, இது என்னன்னு நான் சொல்ல மாட்டேன், வீட்டுக்காரவுக வந்து பாத்துக்கங்க.” மானத்துக்குப் பயந்து ஊர் பிரிக்கக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்ட பிறகு அதில் ஒரு பெருமையும் வந்துவிட்டது, சம்பந்தம் பேசப் போன இடத்தில்கூட எங்கள் ஊரில் குப்பையே கிடையாது என்று பீற்றிக்கொண்டார்கள்.

புதுக்குப்பை மேட்டுக்குப் போவது நின்றது. காய்கறிக் கழிவு உரமானது, காகிதமும் அட்டையும் வியாபாரிக்குப் போயின, அப்புறம் பழைய மேட்டையே கரைத்துவிடலாம் என்று சல்லடை இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மண்ணாய்ப் போனதைத் தோட்டத்துக்காரர்கள் அள்ளிக்கொண்டு போக, இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போக, பாலிதீனைச் சிப்பம் கட்டி லாரியில் ஏற்ற, ஊருக்குள் நுழையும்போதே கண்ணில் அடித்த அந்தப் பெரிய மேடு நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. குப்பையில்லாப் பேரூராட்சி என்று விருது வரப்போகிறதாம், சோதித்துப் பார்க்க மாவட்டத்திலிருந்து ஆட்கள் வரப்போகிறார்களாம் என்று தலைவர் ராஜாங்கம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மேடு வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஊருணித் தெரு இருந்தது. அதை ஊரில் யாரும் மறந்துவிடவில்லை, பேசாமல் இருந்தார்கள், அது வேறு. ஊரின் தெருக்களுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியவர்களின் தெரு அது. ஒருநாள் அந்தத் தெருமுனையில் பேரூராட்சி டிராக்டர் ஒரு லோடு குப்பையைத் தட்டியது. வேறு எங்கேதான் தட்டுவது என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்லாததால் மறுநாளும் அங்கேயே தட்டியது. தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள், ரோட்டில் உட்கார்ந்தார்கள், அடியும் வாங்கினார்கள். முனை அடைபட்டது, பிறகு பாதை அடைபட்டது, கொஞ்ச நாள் கூரைகள் மட்டும் தெரிந்தன, பிறகு கூரைகளும் தெரியவில்லை. அவர்களெல்லாம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். பஸ் ஏறியதைப் பார்த்தவர் ஒருவருமில்லை, ஆனாலும் கேட்பதற்கு நிம்மதியான சேதியாக இருந்ததால் ஊர் அதை நம்பியது.

முத்திருளாயியும் நம்பினாள். அவளுடைய கூடப்பிறந்த அக்கா சிட்டம்மா அந்தத் தெரு மாயழகை விரும்பிக் கட்டிக்கொண்டு போனவள். அப்பா அன்றைக்கே தலைமுழுகிவிட்டார், அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றார், எடுக்கவும் இல்லை. அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் நன்றாக இருக்கிறாள் என்று முத்திருளாயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தினமும் காலையில் வீட்டுக் குப்பையை முடிச்சுப் போட்டு டிராக்டரில் எறிந்துகொண்டிருந்தாள்.

சேவலுக்கு அப்புறம் மின்கம்பத்தின் தலை தெரிந்தது. பட்டப்பகலில், குப்பைக்கு நடுவே, அதில் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. மின்வாரியத்தில் வேலை பார்க்கிற ஒருத்தர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, “வயரும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா எரியுது, இது எங்க பொறுப்புல வராது” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஓட்டுக்கூரைகள் தெரிந்தன. பிறகு கூரையின் சந்தில் புகையும், அந்தப் புகையோடு கடுகு வெடித்து வெங்காயம் வதங்குகிற வாசனையும் வந்தன, வேலை பார்த்த பெண்களுக்குப் பசியெடுத்தது. கடைசியில் ஒரு பக்கம் குப்பை சரிந்து விழ, கோலம் போட்ட வாசல்களோடு, கொடியில் காய்கிற துணிகளோடு, ஊருணித் தெரு அப்படியே இருந்தது. அங்கே இருந்தவர்கள் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள், யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது மாதிரி.

முத்திருளாயி கையுறையைக் கழற்றாமலேயே சரிவில் இறங்கி ஓடினாள். நடுவீட்டு வாசற்படியில் சிட்டம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. இருட்டில் முளைவிட்ட உருளைக்கிழங்கின் முளை மாதிரி உடம்பு வெளுத்திருந்தது.

“வா முத்து, உக்காரு. வெயிலக் கூட்டிட்டு வந்துட்ட, கண்ணு கூசுது,” என்றாள்.

“அக்கா! நீ திருப்பூர்ல இருக்கேன்னாகளே...”

“நான் எதுக்குடி திருப்பூருக்குப் போறேன்? இங்கனதான இருக்கேன்.”

முத்திருளாயி படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். சிட்டம்மா தங்கையின் வெறுங்கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஆனால் புதிதாகப் பார்க்கிறவள் பார்வை இல்லை அது.

“உன் வீட்டுக்காரரு போனது எனக்குத் தெரியும்,” என்றாள்.

“யாருக்கா சொன்னா?”

“யாரு வந்து சொல்லுவா? உன் வீட்டுப் பையி வருமுல்ல. நீ எடதுகைக்காரி, நீ போடுற முடிச்சு எனக்குத் தெரியாதா? வாராவாரம் சர்க்கரை மாத்திரை அட்டை வரும். பெறகு கொஞ்ச நாளா ஊசிக் குப்பி, பஞ்சு, குளுக்கோஸ் பாட்டிலு. பெறகு ஒருநா, பை நெறைய வாடுன மாலை. அன்னிக்கு அந்தப் பையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான் அழுத அழுக, ஏன் கேக்குற போ.”

முத்திருளாயி இத்தனை வருஷமும் தனியாக அழுததாக நினைத்துக்கொண்டிருந்தாளே!

“மேலருந்து வந்ததுலதான் பொழைச்சோம்,” என்றாள் சிட்டம்மா. “சோறு வரும், துணி வரும், மருந்து வரும், புத்தகம் வரும். கொறையொண்ணும் இல்ல. இந்த ரெண்டு வாளி வந்துச்சு பாரு, அதுக்கப்புறந்தான் எதுவும் வரக் காணோம். ரொம்பப் பட்டினி. சேத்து வச்சதுலயும் வெத போட்டு மொளைச்சதுலயுந்தான் ஓட்டுறோம். கெட்டிக்காரி ஒருத்தி வந்து ஊரைத் திருத்திட்டா போலன்னு பேசிக்கிட்டோம்.” கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். “நல்ல காரியந்தான்டி. நான் குத்தம் சொல்லல.”

அன்றைக்கு அக்கா வைத்த குழம்பை முத்திருளாயி சாப்பிட்டாள். அது எந்த வீட்டில் எறிந்த புளி, எந்த வீட்டில் எறிந்த பருப்பு என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்கிறீர்களா? ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளாது! முதலில் திருவிழாதான். மேட்டுச் சரிவில் பஜ்ஜிக்கடை முளைத்தது, சர்பத் வண்டி வந்தது, வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து, வயரில்லாமல் எரிகிற கம்பத்து விளக்கின் கீழே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். “பூராவும் நம்ம குப்பையிலயே வளந்த சனங்க” என்று ஊர்க்காரர்கள் காட்டினார்கள், ஏதோ தாங்களே மடியில் வைத்து ஊட்டின மாதிரி. பேரூராட்சி சார்பில் வீட்டுக்கு ஒரு பச்சை வாளியும் ஒரு நீல வாளியும் கொடுத்தார்கள். ஊருணித் தெருக்காரர்கள் அந்த வாளிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டில் குப்பை என்று ஒன்றுமே இல்லை, வந்ததெல்லாம் குப்பையாக வந்து வேறு ஏதோ ஒன்றாக ஆகியிருந்தது. ஷாம்பு பாட்டில் மூடிகளைக் கோத்து வாசலுக்குத் திரை, பால் கவரைக் கிழித்துப் பின்னிப் பாய், சைக்கிள் கம்பியில் இடியாப்பத் தட்டு. அதனால் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அவர்கள் மேலே வந்து போகத் தொடங்கினார்கள், அங்கேதான் சிக்கல் பிடித்தது. நன்றி சொல்ல வந்தார்கள். அந்தப் பாவத்தை எங்கே போய்ச் சொல்வது! கீழேயே பிறந்து வளர்ந்த பொன்னழகி என்ற பெண், ஜெயக்கொடி டீச்சரைக் கடைவீதியில் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க திருத்திப் போட்ட பரீட்சைப் பேப்பருலதான் டீச்சர் நான் எழுத்துப் படிச்சேன்” என்றாள். டீச்சருக்கு மனசு குளிர்ந்துவிட்டது, கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். “நீங்க எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்டீகளே கடுதாசி, அதையும் ஒட்டி வச்சிருக்கேன். அவருக்குக் குடுத்திருக்கலாம் டீச்சர். அம்புட்டு நல்லா எழுதியிருந்தீக,” என்றாள் பொன்னழகி. பக்கத்தில் டீச்சரின் வீட்டுக்காரர் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலைவர் ராஜாங்கத்தைப் பார்த்து மாயழகு கும்பிட்டு, “அந்தச் சிகப்பு மூடி பாட்டில் எல்லாம் உங்க வீட்டுதுதானய்யா, பூஜை ஊதுபத்தி அட்டையில சுத்தி வருமே, அதுலதான் நாங்க எண்ணெய் ஊத்தி விளக்குப் போட்டோம், நல்ல கனமான கண்ணாடி” என்று வாயார வாழ்த்தினார். மதுவிலக்கு ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்த கையோடு நின்றிருந்தார் ராஜாங்கம்.

மிரட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஊருக்கு மிரட்டலைச் சமாளிக்கத் தெரியும். அவர்கள் பாசத்தோடு சொன்னார்கள். எந்த வீட்டில் குழந்தை கலைந்தது, எந்த வீட்டு மருமகள் சாப்பிடாமல் சோற்றைக் கொட்டினாள், எந்த வீட்டுப் பெரியவரின் மருந்தை வாங்கியும் கொடுக்காமல் விட்டார்கள் என்று எல்லாம் தெரிந்துவைத்திருந்து, “இப்ப ஒடம்பு தேவலையா?” என்று விசாரித்தார்கள். ஊர் கதவைச் சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு முத்திருளாயி விசில் ஊதிக்கொண்டு போனால், “இன்னிக்குக் குப்பை இல்லக்கா” என்றார்கள். சமைக்கிற வீட்டில் குப்பை எப்படி இல்லாமல் போகும்? கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்கள், ஊர் முழுக்க கருகிய பிளாஸ்டிக் நாற்றம். வாய்க்காலில் வீசினார்கள், தண்ணீர் தேங்கிக் கொசு பிடித்தது. இன்னும் சிலர் பிரிப்பதை விட்டுவிட்டு, எது யார் வீட்டுது என்று தெரியாதபடி எல்லாவற்றையும் சாணியில் பிசைந்து தூர எறிந்தார்கள். உரக்குழி காய்ந்து கிடந்தது. இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் கண்ணெதிரே நாசமாகப் போக, பாக்கியத்தாய் முத்திருளாயியிடம், “உங்க அக்கா வீட்டு ஆளுக கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன?” என்று எரிந்து விழுந்தாள்.

பேரூராட்சி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ராஜாங்கம் நல்லவிதமாகத்தான் பேசினார். மேட்டை இதற்கு மேல் தோண்ட வேண்டாம், சுற்றிலும் கிடப்பதைச் சமப்படுத்தி, மேலே நல்ல செம்மண் பரப்பி, புல் வைத்து, பூங்கா ஆக்கிவிடலாம், நடைபாதை போடலாம், சோதிக்க வருகிறவர்கள் பார்த்தால் அசந்துபோவார்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முத்திருளாயி எழுந்தாள். “அங்க ஆளுக இருக்காகய்யா. எங்க அக்கா இருக்கு.”

“இருக்கட்டும்மா, யாரு வேணாங்குறா?” என்றார் ராஜாங்கம், சிரித்தபடியே. “நாம ஒரு செங்கல்லையாவது இடிக்கிறோமா? காத்து வரக் குழாய் வச்சுத் தருவோம். மேல வந்து வெயில்ல கண்ணு கூசி அதுக எம்புட்டுக் கஷ்டப்படுதுக, நீயே பாக்கல? அவுகளுக்கு அது பழகிருச்சும்மா.”

பழகிருச்சு, பழகிருச்சு என்று மண்டபம் முழுக்க முணுமுணுத்தது. ஜெயக்கொடி டீச்சர் குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பூமி பூஜைக்கு முத்திருளாயிதான் குலவை போட வேண்டும், ஊரிலேயே அவளுக்குத்தான் அந்தக் குரல், அவள் உழைப்புக்கு அது மரியாதை என்று ராஜாங்கம் சொல்ல, கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலமே முத்திருளாயி அக்காவிடம் போனாள். மண் லாரி வரப்போகிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“அக்கா, கெளம்பு. என் வீட்டுக்கு வந்துரு.”

“எல்லாருமா?”

“நீயும் மச்சானும் மொதல்ல வாங்க.”

“பொன்னழகி? எதுத்த வீட்டுச் சனம்? கைப்பிள்ளைக்காரி இருக்காளே?”

“என் வீட்ல இருக்கிறது ரெண்டே ரூமு, நான் என்னக்கா பண்ணுவேன்?”

சிட்டம்மா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். “சரி, நான் வாரேன்னே வச்சுக்க. உன் தெருக் கொழாயில என்னையத் தண்ணி பிடிக்க விடுவாகளா?”

முத்திருளாயி பதில் சொல்லியிருக்கலாம். நான் நிற்கிறேன் பார்க்கலாம் என்றிருக்கலாம், விடாமல் போய்விடுவார்களா என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் தன் தெருவின் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த நேரம் போதுமாயிருந்தது சிட்டம்மாவுக்கு.

“போடி, போயி உன் வேலையப் பாரு. ஒலை கொதிக்குது,” என்றாள்.

பூஜைக்குப் பந்தல் போட்டார்கள். வாழைமரம் கட்டினார்கள், மைக் செட் பாடியது, ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டு மேட்டோரம் கூடியது, செம்மண் நிரப்பிய லாரி தெருவுக்கு நேர் மேலே பின்பக்கத்தைத் திருப்பி நின்றது. தேங்காய் உடைத்தாயிற்று. சூடம் காட்டியாயிற்று. “ம், போடும்மா” என்றார் ராஜாங்கம். முத்திருளாயி மாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். இரவெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் அத்தனை பேரும் அவள் வாயையே பார்க்க, சூடம் எரிய, மணி அடிக்க, பழகின நாக்கு தானாகப் புரண்டு குலவையை எடுத்துவிட்டது.

குலவைச் சத்தம் கேட்டால் அடுத்த தெருப் பெண்களும் வாங்கிப் போட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஊர்ப் பெண்கள் வாயெடுப்பதற்குள் கீழேயிருந்து பதில் குலவை கிளம்பியது. ஒரு வாய் இல்லை, தெருவே சேர்ந்து போட்ட குலவை, மேடே அதிர்ந்தது. சிட்டம்மாவுக்குக் கோயில் வாசலில் தாலி கட்டியபோது பிறந்த வீட்டிலிருந்து ஒருத்தர் வரவில்லை, குலவை போட ஒரு வாய் இல்லை, ஊமைக் கல்யாணம் என்று ஊரே கேலி பேசியது. தங்கை குரலில் குலவை கேட்டதும் அவள் என்ன நினைப்பாள்? இத்தனை காலம் கழித்துத் தன்னை முறையோடு கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பந்தல் தெரிந்தது, வாழைமரம் தெரிந்தது, மைக்கில் கல்யாணப் பாட்டு கேட்டது. தெருவையே கிளப்பிவிட்டாள்.

சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். சரிவில் வரிசையாக, பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், ஊர் எறிந்ததிலேயே நல்லதாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, மார்புக்கு நேராகத் தட்டைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி வந்தார்கள். தன் முகூர்த்தப் பட்டை, கிழிந்த இடத்தில் பூ வைத்துத் தைத்து, இன்னொருத்தி உடுத்தி வருவதை ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். தட்டுகளிலும் அவரவர் வீட்டுப் பொருள்தான். ஓடாத கடிகாரம் ஓடியது, உடைந்த பொம்மைக்குக் கால் வந்திருந்தது, மூளிக் கிண்ணத்துக்கு ஈயம் பூசியிருந்தது. எந்த வீட்டுக்கு எந்தத் தட்டு என்று அவர்கள் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்ததை எடுத்து வந்திருந்தார்கள்.

தேடி வந்த சீரைத் திருப்பினால் ஏழு தலைமுறைக்கு விளங்காது என்று அந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். வாங்கினால் கொண்டுவந்தவர்களைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட வேண்டும், அதுவும் தெரியும். கொண்டுவந்தவர்கள் தட்டைக் கையில் கொடுக்கலாமே தவிரத் தரையில் இறக்கக் கூடாது.

முத்திருளாயி முன்னால் போய்க் கையை நீட்டினாள். சிட்டம்மா தன் தட்டைக் கொடுத்தாள். தட்டில் வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை, ஒரு மூக்குக் கண்ணாடி மட்டும் இருந்தது. முத்திருளாயியின் புருஷன் போட்டிருந்தது, அவர் போன அன்றைக்குப் பார்க்கச் சகிக்காமல் அவள் பையில் போட்டு முடிந்து எறிந்தது. ஒடிந்த காதைக் கம்பி சுற்றி ஒட்டவைத்து, கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தாள் அக்கா.

“இது மக்காதுடி. அதான் எடுத்து வச்சிருந்தேன்,” என்றாள்.

முத்திருளாயி ஓவென்று அழுதாள். “என்னைய மன்னிச்சிருக்கா. மண்ணைக் கொட்டத்தான்க்கா கூடியிருக்கோம். உன்னையக் கூப்பிடல. உன் மேல மண்ணைக் கொட்டத்தான் கொலவை போட்டேன்.”

வரிசை முழுக்கக் கேட்டது. சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. ஆனால் ஒருவரும் தட்டை இறக்கவில்லை. சிட்டம்மா பந்தலைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், பிறகு ஊரைப் பார்த்தாள்.

“வந்தது வந்துட்டோம்,” என்றாள். “வாங்கிக்கச் சொல்லு.”

யாரும் வாங்கவில்லை. ஜெயக்கொடி டீச்சர் ஒரு எட்டு எடுத்து வைத்தார், பொன்னழகியின் தட்டில் ஒட்டிவைத்த கடுதாசிகள் இருப்பதைப் பார்த்தார், வீட்டுக்காரர் தோளைத் தொட்டதும் திரும்பிக்கொண்டார். பாக்கியத்தாய்க்கு அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. ஒருத்தருக்கு வயலில் தண்ணீர் பாய்ந்தது, ஒருத்தருக்குச் சம்பந்தி வீட்டில் விசேஷம். ஒவ்வொருவராக, யாரும் யாரையும் பார்க்காமல், பந்தலின் மறுபக்கம் வழியாக நழுவினார்கள். மைக் செட்டுக்காரன்கூட பாட்டை நிறுத்தாமலே போய்விட்டான். ராஜாங்கம் கடைசியாக லாரிப் பக்கம் போய், “இதுக எறங்கி வீட்டுக்குள்ள போனதும் தட்டிரு” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

“வாக்கா, வீட்டுக்குப் போவோம்,” என்றாள் முத்திருளாயி. “உன் தட்ட நான் வாங்கிட்டேன். எவ தண்ணி பிடிக்க விடமாட்டேங்குறான்னு நான் பாக்குறேன். வாக்கா.”

“எல்லாத் தட்டும் கை மாறணும் முத்து. நான் மட்டும் எப்பிடி வருவேன்?”

அதற்கு மேல் கெஞ்சிப் பயனில்லை. முத்திருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பச்சைக் கோட்டைக் கழற்றிப் பந்தக்காலில் மாட்டினாள். மூக்குக் கண்ணாடி இருந்த தட்டை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பி, அக்காவுக்குப் பக்கத்தில், ஊரைப் பார்த்து வரிசையில் நின்றாள். கைப்பிள்ளைக்காரி நகர்ந்து இடம் விட்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. டிரைவர் வெளியூர்க்காரன், ரொம்ப நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், கடைசியில் இறங்கி வந்தான். “யக்கா, இப்ப நான் கொட்டவா வேணாமா?” என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல அங்கே ஊர்க்காரர் என்று ஒருவருமில்லை. தலையைச் சொறிந்தான். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். பிறகு லாரிச் சாவியை எடுத்து முத்திருளாயியின் தட்டில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

சாவி விழுந்த பிறகு தட்டு கனத்தது. முத்திருளாயியின் முழங்கை இறங்கப் பார்த்தது, தோள்பட்டை கடுத்தது, விரல்கள் மரத்தன. எதிரே ஊரில் சாத்திய கதவு எதுவும் திறக்கவில்லை.

“கை வலிக்குதாடி?” என்றாள் சிட்டம்மா, திரும்பிப் பார்க்காமல்.

“வலிக்குதுக்கா. உனக்கு எப்பிடிக்கா வலிக்கல?”

“எனக்கும் வலிக்கத்தான் செய்யுது. வலிக்கட்டும். பழகிக்கிராத.”